முட்டையாகிப்போன முழுநிலா: ஒரு குரோஷே சுவர்த் தொங்கலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் முப்பது வயதைக் கடந்த ஒரு பெண். என்னிடம் குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கலை, கற்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. குழந்தைத் தொப்பிகள், மேசை விரிப்புகள், தோள்பைகள் என்று பலவற்றைப் பின்னி முடித்தவர். கண்ணிகள் ஒரே அளவில் விழும். நூலை இழுக்கும் இறுக்கம் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் மாறாது. ஆனால் அவர் அதுவரை செய்தவை எல்லாம் தலையிலோ, மேசைமீதோ, தோளிலோ தாங்கப்படுபவை. சுவரில் தொங்கும் ஒன்றை அவர் செய்ததில்லை. அதற்கென்று தனியாக நான் எதுவும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

வீட்டுக் கூடத்தில், சன்னலுக்கு எதிரே வெறுமையாக இருந்த சுவருக்கு ஒரு தொங்கல் பின்ன விரும்பினார். கட்டங்களாலான வலைப் பின்னலின் நடுவே ஒரு முழுநிலா. அதன் குறுக்கே ஓர் இலையற்ற கிளை. மாலை வெயில் சன்னல் வழியே விழும்போது வலையின் நிழல் சுவரில் படிய வேண்டும் என்பதுதான் அவருடைய மூல ஆசை. பின்னால் எடுத்த ஒவ்வொரு முடிவையும் இந்த நிழலே கட்டுப்படுத்தியது என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

கீழே வரும் அளவுகள் நாங்கள் இருவரும் ஒரே அளவு நாடாவைக் கொண்டு எடுத்துக் குறித்து வைத்தவை. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன்.

திட்டமும் தொடக்க முடிவுகளும்

படம் ஃபிலே குரோஷே முறைக்கு இயல்பாகவே பொருந்தியது. இம்முறையில் இரட்டைக் குரோஷே கண்ணிகள் தூண்களாக நிற்கும்; தூண்களுக்கு இடையே சங்கிலிக் கண்ணி வந்தால் வெற்றுக் கட்டம், அந்த இடத்திலும் இரட்டைக் குரோஷே வந்தால் நிரம்பிய கட்டம். கட்டத்தாளில் வரைந்த படத்தை அப்படியே நூலுக்கு மாற்றலாம். (இங்கே இரட்டைக் குரோஷே என்பது அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் குறிப்புகளில் இதே கண்ணிக்கு 'டிரெபிள்' என்று பெயர். இரண்டையும் கலந்து படித்து வேலையைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.)

நூல் தேர்வில் அவர் அதிகம் யோசிக்கவில்லை. பருத்திதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கண்ணியின் விளிம்பு பருத்தியில் தெளிவாகத் தெரியும், மயிர் எழும்பாது, நிழலும் கூர்மையாக விழும். 100 கிராமுக்கு 210 மீட்டர் நீளும் நடுத்தரத் தடிமன் நூலில் நான்கு உருண்டைகள் வாங்கினார். அவற்றில் மூன்று ஒரே சாயத் தொகுதி எண் கொண்டவை, நான்காவது வேறு. கண்ணுக்கு ஒரே வெண்மையாகத் தெரிந்தாலும் அந்த நான்காவதைக் குஞ்சத்துக்கு என்று ஒதுக்கிவைத்தார். வெயிலில் வைத்தபோது அது ஒரு சாயல் மஞ்சளாக இருந்தது. நடுவில் கலந்திருந்தால் கோடு போட்டதுபோல் தெரிந்திருக்கும். நல்ல முடிவு.

3.5 மி.மீ. ஊசியில் மாதிரித் துண்டு ஒன்று பின்னி, நனைத்துக் காயவைத்து, மேசையில் விரித்து அளந்தார். 10 சென்டிமீட்டரில் அகலவாக்கில் 18 கண்ணிகள், உயரவாக்கில் 9 வரிகள். அப்படியானால் இரண்டு கண்ணிகளின் அகலமும் ஒரு வரியின் உயரமும் சமம். எனவே தூண்களுக்கு நடுவே ஒரே ஒரு சங்கிலி வைத்தால் கட்டம் சரியான சதுரமாகும். இரண்டு சங்கிலி வைத்திருந்தால் கட்டம் படுத்த செவ்வகமாகி நிலாவும் படுத்திருக்கும். இதை அவரே கணக்கிட்டுச் சொன்னபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

54 கட்டங்கள், அதாவது 109 கண்ணிகள், அகலம் 60.5 செ.மீ. 81 வரிகள், நீளம் 90 செ.மீ. நிலாவின் விட்டம் 34 கட்டங்கள், ஏறத்தாழ 38 செ.மீ. தொடக்கச் சங்கிலி இறுகி மேல் ஓரத்தைச் சுருக்கிவிடாமல் இருக்க அதை மட்டும் 4 மி.மீ. ஊசியில் போட்டார். அந்தத் தொடக்க ஓரமே தொங்கலின் மேல் ஓரம்.

குஞ்சத்தைப் பற்றி என்னிடம் கேட்டார். "கீழே கனம் இருந்தால்தான் துணி சுருளாமல் நேராக விழும். தாராளமாக வையுங்கள்" என்று சொன்னேன். கட்டம் ஒன்றுக்கு ஆறு இழைகள் கொண்ட 54 குஞ்சங்கள், ஒன்றுவிட்டு ஒன்றில் ஒரு மர மணி என 27 மணிகள் என்று அவர் திட்டமிட்டது அந்தப் பேச்சை நம்பித்தான்.

முப்பத்தொன்றாம் வரி

நாளுக்கு இரண்டு மூன்று வரிகளாக வேலை நகர்ந்தது. முப்பத்தொன்றாம் வரியில் நிலாவின் வலது விளிம்பு கட்டத்தாளோடு ஒத்துவரவில்லை. எண்ணிப் பார்த்தபோது 53 கட்டங்களே இருந்தன. பின்னோக்கித் தேடினோம். இருபத்திரண்டாம் வரியின் முடிவில், முந்தைய வரியின் திரும்பு சங்கிலியின் உச்சியில் போட வேண்டிய கடைசித் தூண் விட்டுப்போயிருந்தது. ஓரம் உள்வாங்குவதற்கு எல்லாரிடமும் இருக்கும் காரணம் இதுதான். திரும்பு சங்கிலி என்பது வரித் தொடக்கத்தில் போடும் மூன்று சங்கிலிகள்; அவை ஒரு தூணுக்குச் சமம். ஆனால் பார்வைக்குத் தூணைப்போல் இராது. அதனால் அடுத்த வரியில் திரும்பி வரும்போது கண் அதைத் தாண்டிவிடுகிறது.

ஓரத்தில் ஒரு கண்ணியைக் கூட்டிச் சமாளித்துவிடலாமா என்று கேட்டார். வட்டம் இருக்கும் படத்தில் அது முடியாது. பத்து வரிகளையும் பிரிப்பதே சரி என்றேன். பிரித்தார். அன்று முதல் திரும்பு சங்கிலியின் மூன்றாவது கண்ணியில் வேறு நிற நூல் துண்டு ஒன்றை அடையாளமாகச் செருகிக்கொண்டார். பிறகு ஒரு கட்டமும் குறையவில்லை.

சுவரில் ஏறிய பிறகு

ஆறாவது வாரம் பின்னல் முடிந்தது. துணி மட்டும் 230 கிராம், குஞ்சம் 95 கிராம், மணிகள் 60 கிராம். மொத்தம் 385 கிராம். 8 மி.மீ. தடிமனும் 70 செ.மீ. நீளமும் கொண்ட மரக்கோலில் ஏழு இடங்களில் கட்டினார். கோலின் இரு முனைகளிலிருந்தும் ஒரு கயிறு, அது சுவர் ஆணியில்.

முதல் நாள் அனுப்பிய படத்தில் எல்லாம் அழகாகவே இருந்தது. நிழலும் அவர் நினைத்தபடியே விழுந்தது. மூன்று வாரம் கழித்து ஓர் இரவு அழைத்தார்.

"அக்கா, நிலா முட்டையாகிவிட்டது."

மறுநாள் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது மிகையல்ல. 38 செ.மீ. இருக்க வேண்டிய நிலா, உயரத்தில் 40 செ.மீ., அகலத்தில் 36 செ.மீ. என்று இருந்தது. சதுரம் சிறிது நீண்டால் கண் பொறுத்துக்கொள்ளும். வட்டத்தின் நீட்சியைப் பொறுத்துக்கொள்ளாது. நிலா இல்லாத வேறு படமாக இருந்திருந்தால் இந்தக் குறை பல மாதங்கள் தெரியாமலே போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

மற்ற அளவுகளையும் எடுத்தோம். துணியின் நீளம் 90 செ.மீ. என்பது 99 ஆகியிருந்தது. நடு இடுப்பில் அகலம் 60.5 என்பது 56.5 ஆகச் சுருங்கியிருந்தது. மேல் ஓரம் ஏழு கட்டுகளுக்கு இடையே ஆறு சிறிய தொய்வுகளாக இறங்கியிருந்தது. கோல் நடுவில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளைந்திருந்தது. கீழ் ஓரமோ நேராக இல்லை: நடுப்பகுதி மேலேயும் இரு முனைகளும் ஒன்றரை சென்டிமீட்டர் கீழேயுமாக, கவிழ்த்த வில்லைப்போல் இருந்தது.

அவர் அதிகம் பேசவில்லை. ஆறு வாரத்து மாலைகள் அதில் இருந்தன. "என் இறுக்கம் சரியில்லையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று அப்போதே உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஏனென்றால் தனித்தனிக் கண்ணியில் எந்தக் குறையும் இல்லை.

காரணம் தேடியது

ஒன்பது வரிகளுக்கு ஒரு பட்டை என்று பிரித்துக்கொண்டு ஒவ்வொரு பட்டையையும் தொங்கும் நிலையிலேயே அளந்தோம். மேசையில் ஒவ்வொன்றும் 10 செ.மீ. இருந்தவை. இப்போது உச்சிப் பட்டை 11.5 செ.மீ., அடிப் பட்டை 10.6 செ.மீ.; இடைப்பட்டவை படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தன. இந்த ஒரு வரிசை எண்களே பாதி விடையைச் சொல்லிவிட்டது. அடிப் பட்டை தாங்குவது குஞ்சத்தையும் மணியையும் மட்டும், 155 கிராம். உச்சிப் பட்டை தாங்குவது எல்லாவற்றையும், 385 கிராம். சுமை இரண்டரை மடங்கு. நீட்சியும் ஏறத்தாழ அதே மடங்கு. துணியின் நீட்சியைச் சுமைதான் தீர்மானித்திருந்தது. அந்தச் சுமையில் ஐந்தில் இரண்டு பங்கு, நான் தாராளமாக வைக்கச் சொன்ன அலங்காரம்.

நூலின் இயல்பும் சேர்ந்துகொண்டது. கம்பளி இழையில் இயற்கையான சுருள் உண்டு. இழுத்து விட்டால் ஓரளவு திரும்பி வரும். பருத்தி இழைக்கு அந்தத் திரும்பும் குணம் மிகக் குறைவு. கனமும் அதிகம்: பருத்தியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம், கம்பளி 1.3, அக்ரிலிக் 1.2க்கும் சற்றுக் குறைவு.

கீழ் ஓரம் வில்லாக வளைந்ததற்கு விடை படத்திலேயே இருந்தது. நிலா முழுவதும் நிரம்பிய கட்டங்கள். அங்கே ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு தூண்கள் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இருபுறமும் உள்ள வெற்று வலையில் ஒரே தூண். எனவே பக்கங்கள் அதிகம் நீண்டு முனைகளைக் கீழே இறக்கின. நடுப்பகுதி குறைவாக நீண்டது. நிலா வட்டம் குலைந்ததோடு அதன் விளிம்பைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் விழுந்ததும் இதனால்தான். தூண்கள் நீள நீள, அவற்றை இணைக்கும் சங்கிலிகள் உள்ளே இழுக்கப்பட்டு அகலம் குறைந்தது.

பேச்சுவாக்கில் இன்னொன்று வெளிவந்தது. பின்னி முடித்ததும் அலசி, ஈரத்தோடு அதே கோலில் மாட்டி ஒரு பகல் காயவைத்திருக்கிறார். நனைந்த பருத்தி தன் எடை அளவுக்கும் மேலாக நீரைப் பிடித்திருக்கும். அந்த ஒரு பகலில் உச்சி வரிகள் சுமந்தது சுவரில் சுமந்ததைவிட மிக அதிகம். முதல் நாள் படத்திலேயே நீளம் சற்றுக் கூடியிருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தோம்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனை செய்தோம். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி இதுவே. மிச்ச நூலில் 10 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளம் கொண்ட வெற்று வலைத் துண்டு ஒன்றைப் பின்னினார். 60 செ.மீ. அகலத்துக்கு 385 கிராம் என்றால் 10 செ.மீ. அகலத்துக்கு 64 கிராம் வரும். துண்டின் சொந்த எடையைக் கழித்து, 60 கிராம் மணல் கட்டிய சிறு பையைக் கீழ் ஓரம் முழுவதும் பரவுமாறு ஒரு குச்சியில் மாட்டித் தொங்கவிட்டோம். இரண்டு நாளில் 20 செ.மீ. என்பது 22.2 ஆகிவிட்டது. மூன்று வாரத்தில் சுவர் சொன்ன செய்தியை இந்தத் துண்டு இரண்டே நாளில் சொன்னது. முதல் மாதிரித் துண்டை மேசையில் விரித்து அளந்ததோடு நிறுத்தாமல் அதையே தொங்கவிட்டிருந்தால், தொடக்கச் சங்கிலி போடும் முன்பே எல்லாம் தெரிந்திருக்கும்.

எதிரே இருந்த வழிகள்

ஒவ்வொரு வழியையும் முதலில் அதேபோன்ற சிறு துண்டுகளில் முயன்று பார்த்தோம். முழுத் தொங்கலில் கை வைக்கவில்லை.

கஞ்சி போட்டு விறைப்பாக்குவது அவருடைய முதல் எண்ணம். கஞ்சி போட்ட துண்டு இரண்டு நாளில் 21 செ.மீ. வரை மட்டுமே நீண்டது. ஆனால் விரலால் தொட்டால் அட்டைபோல் இருந்தது. காற்றில் ஈரம் ஏறும்போது விறைப்பு தளரும். மாவுப் பொருள் பூச்சிகளையும் அழைக்கும். வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

3 மி.மீ. ஊசியில் இறுக்கமாகப் பின்னிய துண்டு 21.2 செ.மீ. ஆனது. முன்னேற்றம்தான். ஆனால் அதற்கு எல்லாவற்றையும் பிரித்து மீண்டும் பின்ன வேண்டும். அவர் அதற்கும் தயாராக இருந்தார். தேவையில்லை என்று நான்தான் தடுத்தேன். பிரித்துப் பின்னினாலும் நோயின் வேர் அப்படியே இருக்கும்.

பின்புறம் நெய்த துணி ஒன்றைத் தைத்துவிடுவது தொங்கல்களுக்குப் பலரும் பயன்படுத்தும், நம்பத்தக்க வழி. நெய்த துணி பாவு நூலின், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலின், போக்கில் அதிகம் நீளாது; சுமையை அது வாங்கிக்கொள்ளும். நான் பரிந்துரைத்தது இதைத்தான். அவர் மறுத்துவிட்டார். "துணி வைத்தால் நிழல் விழாதே" என்றார். ஒரு கணம் பிடிவாதமாகத் தோன்றியது. பிறகு யோசித்தால் அவர் பக்கம்தான் நியாயம். நிழலுக்காகவே பிறந்த ஒன்றை நிழல் இல்லாமல் காப்பாற்றுவதில் பொருள் இல்லை.

படத்தையே மாற்றி வரையும் யோசனையும் வந்தது: நிலாவை முதலிலேயே சற்றுத் தட்டையாகப் பின்னினால் நீண்ட பிறகு வட்டமாகும் என்று. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நீட்சி மேலும் கீழும் ஒரே அளவில் இல்லை, நாளோடும் மாறுகிறது. எந்த நாளைய வட்டத்துக்கு வரைவது?

எஞ்சியது ஆதார நூல். நீளாத பாலியஸ்டர் தையல் நூலைத் தூண்களின் பின்னால் மறைவாக மேலிருந்து கீழ்வரை ஓட்டி, சுமையை அந்த நூலிடம் ஒப்படைப்பது. துண்டில் முயன்றபோது 20.2 செ.மீ.யில் நின்றுவிட்டது. நிழலையும் கெடுக்கவில்லை. இருவரும் ஒரே மனதாக இதைத் தேர்ந்தோம். கூடவே சுமையைக் குறைப்பது என்றும் முடிவானது.

செய்தது, முதலில் தவறியது

மணிகள் எல்லாவற்றையும் எடுத்தார். குஞ்சங்களை அவிழ்த்து ஆறு இழைக்குப் பதில் மூன்றாக மீண்டும் கட்டினார். துணியை வெதுவெதுப்பான நீரில் மென்சோப்போடு ஊறவைத்து, முறுக்காமல் துவாலையில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்தோம். பிறகு தடித்த நுரைப் பலகைகள்மீது 60.5 க்கு 90 என்று கோடு வரைந்து, துருப்பிடிக்காத ஊசிகளை ஓரமெங்கும் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குத்திப் படிய வைத்தோம். நடுவில் நிலாவின் விளிம்புக்கும் தனியாக ஊசிகள். ஒரு தட்டை அளவாக வைத்து வட்டத்தைச் சரிபார்த்தார். முழுதும் காய இரண்டு நாள் பிடித்தது. பருத்தி எளிதில் பழைய அளவுக்குத் திரும்பியது. திருப்புவது எளிது, அங்கே நிறுத்துவதே கடினம்.

ஆறு கட்டங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் பத்து ஆதார நூல்கள். முதல் முறை அவற்றை மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் மட்டும் முடிச்சிட்டு, நடுவில் தூண்களின் ஊடே வெறுமனே ஓட்டிவிட்டோம். தொங்கவிட்ட மறுநாளே பிழை தெரிந்தது. மொத்த நீளம் 90 செ.மீ.யில் அசையாமல் நின்றது. ஆனால் உள்ளே துணி சரிந்திருந்தது. மேல் வரிகள் நீண்டு, கீழ் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து, நிலா அரை அங்குலம் கீழே இறங்கியிருந்தது. நூல் கீழ் ஓரத்தைத் தாங்கியதே தவிர நடு வரிகளை யாரும் தாங்கவில்லை. 20 செ.மீ. துண்டில் இந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரவில்லை. அதனால் நாங்கள் ஏமாந்தோம்.

இரண்டாம் முறை துணியை மீண்டும் பலகையில் ஊசியிட்டுப் படுக்கவைத்த நிலையிலேயே வேலை செய்தோம். ஒவ்வோர் ஆதார நூலிலும் 10 செ.மீ.க்கு ஒரு பென்சில் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு பட்டையின் ஒன்பதாவது வரியின் தூண் உச்சியில் ஒரு சிறு முடிச்சால் பிடித்தோம். இப்போது எந்தப் பட்டையும் தன் 10 செ.மீ.யைத் தாண்ட வழியில்லை. ஒவ்வொரு பட்டையின் சுமையும் அந்தந்த முடிச்சிலேயே நூலுக்கு மாறிவிடும். இரண்டு நூல்கள் மட்டும் ஓரிரு மில்லிமீட்டர் இறுக்கமாக விழுந்து செங்குத்தான சுருக்கத்தைக் காட்டின. அவற்றை அவிழ்த்து மீண்டும் போட்டார்.

மற்றவை விரைவாக முடிந்தன. 8 மி.மீ. கோலுக்குப் பதில் 12 மி.மீ. கோல். வளைவை எதிர்க்கும் திறன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், ஒன்றரை மடங்கு தடிமன் ஐந்து மடங்கு உறுதியைத் தருகிறது. ஏழு கட்டுகளுக்குப் பதிலாக 54 கட்டங்களிலும் நூலைச் சுற்றிச் சுற்றிக் கோலோடு பிணைத்தார். அகலம் சுருங்காமலிருக்கக் கடைசி வரியின் பின்னால் 3 மி.மீ. அலுமினியக் கம்பி ஒன்று, 12 கிராம். மொத்த எடை இப்போது ஏறத்தாழ 290 கிராம்.

பின் தொடர்ந்தது

முதல் நாள் நீளம் 90.4 செ.மீ. ஒரு வாரத்தில் 90.6. ஒரு மாதத்தில் 91. மூன்று மாதம் முடிந்தும் 91தான். நடு அகலம் 59.5 செ.மீ. நிலா உயரத்தில் 38.2, அகலத்தில் 37.4, அறையில் நின்று பார்க்கும் கண்ணுக்கு வட்டமே. கீழ் ஓரத்தின் வளைவு ஒன்றரை சென்டிமீட்டரிலிருந்து மூன்று மில்லிமீட்டராகக் குறைந்தது. முற்றிலும் நேராகவில்லை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. வெயில் பக்கவாட்டில் சாயும் நேரத்தில் பத்து ஆதார நூல்களின் நிழலும் மெல்லிய கோடுகளாகச் சுவரில் விழுகிறது. வந்து பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. அவருக்குத் தெரிகிறது. எனக்கும் இப்போது அதைத்தான் முதலில் தேடத் தோன்றுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டு ஆதார நூல்களுக்கு நடுவே வெற்றுக் கட்டங்கள் சற்றே தொய்வதும் தெரியும். மணிகள் போனதில் அவருக்கு வருத்தம் உண்டு. குஞ்சம் மெலிந்ததில் இல்லை. காற்றில் அது இப்போதுதான் அசைகிறது என்றார்.

அலசும் முறையை எழுதித் தொங்கலின் பின்புறம் தைத்துவைத்திருக்கிறார்: படுக்கவைத்துக் காயவைக்க வேண்டும், ஈரத்தோடு மாட்டக்கூடாது.

மீண்டும் செய்வதானால்

என் பக்கத்திலிருந்து முதலில் மாறுவது நான் சொல்லிக்கொடுக்கும் முறை. கனம் வைத்தால் நேராக விழும் என்பது தறியில் நெய்த துணிக்கு ஒத்துவரும். குரோஷே துணி ஒன்றுக்குள் ஒன்று கோத்த கண்ணிகளின் கூட்டம். கண்ணிக்குள் நூல் நகர இடம் இருக்கும்வரை அது நீளும். இனி யாருக்கும் எடை தெரியாமல் குஞ்சத்தின் அளவைச் சொல்ல மாட்டேன். தொங்கும் பொருள் எதுவானாலும் மாதிரித் துண்டு தொங்க வேண்டும்: முடிந்த பொருளின் எடையை நூல் உருண்டைகளிலிருந்து கணக்கிட்டு, அதை அகலத்தால் வகுத்து, அந்த அளவு மணலைக் கட்டி இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். துண்டு குறைந்தது 40 செ.மீ. நீளமாவது இருக்கட்டும், 20 செ.மீ. எங்களை ஒருமுறை ஏமாற்றியது.

படத்தை வரையும்போதே நிரம்பிய கட்டங்களும் வெற்றுக் கட்டங்களும் அகலம் நெடுகச் சமமாகப் பரவுமாறு பார்த்திருப்போம். நடுவில் மட்டும் ஒரு பெரிய நிரம்பிய வட்டம் என்றால் பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை இரண்டு கட்ட அகலத்தில் நிரம்பிய கரை ஒன்றாவது வேண்டும். அது இருந்திருந்தால் முனைகள் இறங்கியிருக்காது. ஆதார நூலையும் முடிந்த பிறகு ஓட்டாமல், பின்னும்போதே தூணோடு சேர்த்து உள்ளே வைத்துப் பின்னலாம். அப்படிச் செய்தால் தனி நிழல் விழாது.

அவர் இப்போது இரண்டாவது தொங்கலைத் தொடங்கியிருக்கிறார். 3 மி.மீ. ஊசி, கரையோடு கூடிய வலை, ஆறாவது தூண்தோறும் உள்ளே பின்னிய பாலியஸ்டர் நூல். 40 செ.மீ. மாதிரித் துண்டு மணல் பையோடு ஐந்து நாள் தொங்கியது, அளந்தபோது 40.3.